கல்லின் வயதும் கோயிலின் வயதும்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்குக் காணும் கோயில் எதுவாயினும் அங்கே முதலில் எழும் வினா, இத்திருக்கோயில் எத்தனை ஆண்டுப் பழமையுடையது என்பதே. ஊரார் ஈராயிரம் என்பர். அழைப்பிதழ் அச்சேறும்போது அது ஐயாயிரமாகிவிடும். பழமையைப் பெருக்குவதும் ஒருவகை அன்பே. ஆயினும் ஆய்வாளர், எதனுடைய வயது என்றே முதற்கண் வினவுவர். கல்லின் வயது வேறு. கல்லில் பொறித்த எழுத்தின் வயது வேறு.

கல்லின் வயதை நிலநூலார் காணும் முறை வியக்கத்தக்கது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கருங்கல்லுக்கு ஹாலந்து என்பார் 1893-இல் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். கல்கத்தாவில் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆயது. இப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பாறைக்குள் சிர்க்கான் என்னும் நுண்மணிகள் உள. அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏலா. யுரேனியமோ சிறிது சிறிதாகத் தானே சிதைந்து ஈயமாகும். அதன் முதன்மை வகை பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். ஆதலின் மணிக்குள் சேர்ந்த ஈயத்தை அளந்தால் காலம் புலனாம். நாழிகை வட்டிலில் ஏறிய நீரைக் கொண்டு பொழுதறிந்த நம் முன்னோர்க்கு இஃது அயலான நெறியன்று.

ஆனால் சிற்பியின் உளி அக்கல்லில் என்று பட்டது என்பதை அம்மணி கூறாது. அதற்கு வேறு அளவைகள் வேண்டும். கரி, நெல், எலும்பு ஆகியவற்றில் உள்ள கதிரியக்கக் கரியணு, அவ்வுயிர் மடிந்தபின் 5,730 ஆண்டில் பாதியாகும். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஆண்டு வரையே இவ்வளவை செல்லும். அதனினும் பழையவற்றுக்கு மண்ணுள் புதைந்த காலத்தைக் காண்பர். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள், விண்கதிரால் அவற்றுள் விளைந்த அலுமினிய, பெரிலிய அணுக்கள் தேய்ந்த அளவைக் கொண்டு, சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-இல் சாந்தி பப்பு முதலியோர் வெளியிட்டனர்.

இனி எழுத்தின் வயது. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகளை அறியாதார் இலர். ஆனால் அவற்றில் சக ஆண்டு இல்லை. முதற் பராந்தகனின் ஆட்சியாண்டு பன்னிரண்டு, பதினான்கு என்றே உள்ளன. அவன் முடிசூடிய ஆண்டு தெரிந்தாலன்றி இவ்வெண்களால் பயனில்லை. அத்திறவுகோல் இவ்வூரில் இல்லை. நடுநாட்டில், பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ள கிராமம் என்னும் ஊரின் சிவாலயத்தில் இருந்தது! இளவரசன் இராசாதித்தனின் சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளங்குமரன் எடுப்பித்த கற்றளி அது. அங்குள்ள கல்வெட்டு, பராந்தகனின் முப்பத்தாறாம் ஆட்சியாண்டோடு கலியுகத்தின் 14,77,037-ஆம் நாள் என்பதையும் தெரிவிக்கின்றது. அந்நாள் கி. பி. 943 சனவரி 14, சனிக்கிழமை. இதனையும் பிற கல்வெட்டுகளின் கோள், நாள் குறிப்புகளையும் கூட்டி, ஆட்சித் தொடக்கம் கி. பி. 907 எனக் கீல்ஹார்ன் என்னும் செருமானியப் பேரறிஞர் கணித்தார். அதனாலேயே உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி. பி. 919, 921 எனப்பட்டன. கிராமத்தார் திருப்பணியின்போது அந்த ஒரு கல்லைப் பிளந்து படிக்கட்டாக்கியிருப்பின், உத்தரமேரூரின் பெருமைக்கு ஆண்டு கூறல் எத்துணை அரிதாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எழுத்தின் வடிவைக் கண்டும் காலம் கூறலாம். எனினும் அது நூற்றாண்டை ஒருவாறு காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டாது. அதிலும் ஓர் இடர் உண்டு. செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவில் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழஞ்சுவரில் இருந்த சாசனங்களைப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். செய்தி பழையது, எழுத்துப் பிற்காலத்தது. படியெடுத்தது என்று அக்கல்லே கூறுதலால் ஆய்வாளர் மயங்கார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசியார்க்கு இருந்த கருத்து அது!

இக்காலத் திருப்பணிகளிலோ, சுண்ணம் போக்கச் சுவரின்மேல் மணலை விசையோடு பீச்சும் வழக்கம் சில இடங்களில் நிகழ்ந்ததுண்டு. சுவர் பளிச்சிடும், எழுத்தின் விளிம்பு தேயும். கருங்கல் மீண்டும் கிடைக்கும், அது 250 கோடி ஆண்டுக் கல்லாகவே இருக்கும். தேய்ந்த வரி கிடையாது. சுவரைக் கழற்றுமுன் எழுத்துகளை மைப்படி எடுத்து, கற்களுக்கு வரிசையெண் இட்டு, அவ்வரிசையிலேயே மீள அடுக்குதற்கு ஆகும் செலவு, கோபுரத்து வண்ணப்பூச்சுச் செலவினும் மிகச் சிறிது. திருப்பணிக் குழுவினர் மதிப்பீடு எழுதும்போது அதற்கென ஒரு வரியைச் சேர்ப்பாராக.