சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் தெருக்களுக்கே மரத்தின் பெயர். சம்பிகே ரோடு என்றால் செண்பகம், மார்கோசா ரோடு என்றால் வேம்பு. கோயிலில் இருப்பவரோ காடு மல்லேஸ்வரர். கன்னடத்திலும் காடு காடுதான். 18-வது கிராஸில் வனத்துறையின் அரண்ய பவனும் மத்திய அரசின் மர ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. இத்தனை மரப்பேச்சுக்கு நடுவே, மரம் அறுக்கும் மெஷினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏப்ரல், மே மாத இடிமழைக்கு இங்கே மயில்கொன்றையோ தூங்குமூஞ்சியோ ரோட்டுக்குக் குறுக்கே சாய்வது வழக்கம். மறுநாள் விடிந்தால் செயின் சா சத்தம்தான். மரம் வெட்டப் போகும் ஆட்களுக்குப் புது மெஷின் பெரிய செலவு. அதனால் பழையது கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு விலை சொல்வது ஒரு வித்தை.

அந்த வித்தை தெரியாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஆரஞ்சு பெயின்ட் பளபளக்க, ஸ்டிக்கர் புதிதாக இருந்த மெஷின் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் நாளே நின்றுபோனது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. "பெயின்ட் அடிச்சிருக்காங்களே, எதை மறைக்க அடிச்சாங்க சார்?" என்றார். சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, "வந்து பாருங்க" என்றார். புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பிஸ்டன் தெரிந்தது. அதன் மேல் நெடுக்காகக் கீறல்கள், பூனை பிறாண்டியது போல. பெட்ரோலில் ஆயில் போதாமல் ஓட்டியிருக்கிறார்கள். கார்புரேட்டர் பக்கம் கீறியிருந்தால் ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் தூசியில் ஓட்டியது என்று அர்த்தமாம். நல்ல பிஸ்டனில் கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக்கோடுகள் இன்னும் தெரியும்.

அன்றிலிருந்து நான் யாருக்காவது பார்த்துச் சொல்லப் போனால் முதல் வேலை சைலன்சர். கழற்றக் கூடாது என்று விற்பவர் அடம்பிடித்தால் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து, இது என்ன மெஷின்? ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஜெர்மனியின் ஸ்டீல் (STIHL) கம்பெனி மெஷின்களில் வார்ப்பு பாகங்களின் மேலேயே எண் இருக்கும். 1106 என்று தொடங்கினால் 070, 090 குடும்பம். 1119 என்றால் 038, அதன் வழியில் வந்த 380, 381. வரிசை எண்ணைக் கிராங்க் கேஸ் உலோகத்திலேயே அடித்திருப்பார்கள். அதைத் தேய்த்து அழித்திருந்தால் திருட்டுச் சரக்கோ என்று யோசியுங்கள். 070-க்கு அச்சு அசலாக நகல்கள் நிறைய வந்துவிட்டதால் எண் ஒன்றை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிவிடாதீர்கள். தொழிலுக்கான மெஷினா, வீட்டு உபயோகத்துக்கானதா என்று அறிய, கிராங்க் கேஸைத் தட்டிப் பாருங்கள். முன்னது மெக்னீசிய வார்ப்பு. பின்னது பெரும்பாலும் பிளாஸ்டிக் கூடு.

கம்ப்ரஷனுக்கு மீட்டர் இல்லையென்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் ரிங் நன்றாக இருக்கிறது. கிணற்று வாளி போலச் சரசரவென்று இறங்கினால் வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டர் தொடாமல் ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் தானாக ஏறினால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் கிராங்க் சீல்தான். இதை விட்டால் புது பிஸ்டனும் கீறிவிடும். பெட்ரோல் குழாயை மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது.

விலைக்கு என் கணக்கு இது. ஓடுகிற நிலையில் அந்த மாடல் என்ன போகிறது என்று இரண்டு கடையில் விசாரியுங்கள். பார், செயின், ஸ்பிராக்கெட் தேய்ந்திருந்தால் அவற்றின் புது விலையைக் கழியுங்கள். சிலிண்டர் போயிருந்தால் முழு மெஷினாக விலை பேசாதீர்கள். அது உதிரி பாகம்தான்.

கடைசியாக அந்த 070. 106 சிசி, பார் இல்லாமலேயே பத்து கிலோவை ஒட்டிய எடை. பழைய ஆட்கள் அதைக் கோயில் யானை மாதிரி கொண்டாடுவார்கள். தரையில் கிடக்கும் பெரிய மரத்தைப் பலகையாக அறுக்க அது போதும், நல்ல விலைக்கு வந்தால் வாங்கலாம். ஆனால் மரத்தில் ஏறிக் கிளை வெட்டுகிறவருக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் செயின் பிரேக் கிடையாது.