கூட்டத்திற்கு வர இயலாத சகோதரிகள்

(பங்காளர் கூடுகையில் கிராம சுகாதாரக் குழுவினர் அளித்த உரை)



பழனி மலைகளில் நடக்கும் சுகாதார ஊழியத்தை நீங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிறீர்கள். இன்று அந்த ஊழியத்தில் ஒரு சிறிய காரியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது எங்கள் பணியாளர்களின் மாதாந்திரக் கூட்டம்.

அந்த ஒரு நாளில்தான் மருந்துப் பைகள் நிரப்பப்படுகின்றன. காசநோய்க்காரர் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிக்கிறோம். இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் முன்னிலும் கடினமாய்த் திரும்பக்கூடும். கர்ப்பிணியின் முகமும் கைகளும் வீங்கி, தலைவலியும் சேர்ந்தால், ஜன்னி வருமுன் அவளை மலையிலிருந்து இறக்கவேண்டும் என்பதையும் அங்கேதான் திரும்பத் திரும்பக் கற்கிறார்கள். கூட்டத்தில் ஓர் இடம் காலியாயிருந்தால், ஒரு கிராமமே அன்று விடுபட்டுப் போகிறது.

ஏன் வர இயலவில்லை? மேல்மலையில் கிளாவரை, கொடைக்கானல் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வெள்ளகவி மக்கள் தலைமுறை தலைமுறையாக நோயாளியை டோலி கட்டிச் சுமந்தே வந்தவர்கள். கீழ்மலையில் தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கே வெகுதூரம் நடக்கவேண்டும். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் இருட்டில் திரும்பவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து வழி அடைபடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, மரங்கள் சாய்ந்து மலைச் சாலைகள் துண்டிக்கப்பட்டன.

வழி திறந்திருந்தாலும் வீடு விடவேண்டுமே! காப்பிப்பழம் பறிக்கும் காலத்தில் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. கைக்குழந்தையை யாரிடம் விடுவது? கணவரும் மாமியாரும் சம்மதிக்கவேண்டும். எழுத்து அறியாத சகோதரி, பதிவேட்டை மற்றவர் முன் நீட்டக் கூச்சப்படுகிறாள். புறப்படும் வேளையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், அவள் கூட்டத்தைவிட அந்த வீட்டைத்தான் தெரிந்துகொள்வாள். இதை அசட்டை என்று யார் சொல்லக்கூடும்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர்கள் ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970-ல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் ஊழியம் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களே அங்கே சுகாதாரப் பணியாளர்களானார்கள். அவர்கள் வாரந்தோறும் கூடி, இரவு தங்கி, சாதி வேறுபாடின்றி ஒன்றாய் உண்டு, ஒருவரிடம் ஒருவர் கற்றார்கள். அந்த ஊழியம் நிலைத்ததற்கு இந்தக் கூடிவருதலும் ஒரு காரணம்.

ஆகவே கூட்டத்தையே மலைக்குக் கொண்டுபோகத் தீர்மானித்திருக்கிறோம். மேல்மலைக்கு ஒன்று, கீழ்மலைக்கு ஒன்று. காலைப் பேருந்து வந்தபின் தொடங்கி, மாலைப் பேருந்துக்கு முன் முடிப்போம். அன்றைய கூலியும், ஜீப் வாடகையும், மதிய உணவும் கொடுப்போம்; பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைப்போம். எழுத அறியாதவர்களுக்குப் படம் போட்ட பதிவேடு. கிராமத்துக்கு இருவராகப் பயிற்றுவித்தால், ஒருவர் பிரசவ வீட்டில் இருக்க மற்றவர் கூட்டத்துக்கு வரலாம்.

நம் ஆண்டவரும் சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினாரல்லவா? அவர்கள் திரும்பிவந்து செய்ததையெல்லாம் அறிவித்தபோது, அவர் கேட்டார். சற்றே இளைப்பாறவும் அழைத்தார். எங்கள் சகோதரிகளுக்கும் சொல்ல ஓர் இடமும், கேட்க ஆட்களும், ஒருவேளை இளைப்பாறுதலும் வேண்டும்.

ஒரு நாள் கூலி, ஒரு சாப்பாடு, ஒரு ஜீப் வாடகை: கட்டடக் கல்வெட்டில் இவை இடம்பெறுவதில்லை. ஆனாலும் இவற்றுக்காகவே இன்று உங்கள் உதவியைக் கேட்கிறோம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் நடக்கும் இந்தச் சகோதரிகளை உங்கள் ஜெபத்தில் நினைத்தருளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.