கதவில் தொங்கும் அட்டை

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம்" என்று தலைப்புக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஈஃபில் டவரைப் பற்றிப் பேசினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். அதனால் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக்கடையைத் தேடி அலைந்த கதையைச் சொல்கிறேன். மெஸ் மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடின நமக்கு, சாப்பிட இடம் தேடுவதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

2015-ல் வேலைக்காகப் பாரிஸ் போனேன். இரண்டாவது வாரம் ஆபீஸ் நண்பர்கள் சேன்-ஜெர்மேன் பகுதிக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். சேன் நதிக்குத் தென்கரையில், ஆறாவது வட்டாரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் சார்த்ர் போன்ற எழுத்தாளர்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதிய இடம். இன்றைக்கு அங்கே வீடு வாங்க வேண்டுமானால் கோடீஸ்வரனாகப் பிறந்திருக்க வேண்டும்.

மெனு முழுக்க பிரெஞ்சு. ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கூச்சம். அதிக விலையும் இல்லாமல், குறைந்த விலையும் இல்லாமல் நடுவில் இருந்த ஒன்றைக் கைகாட்டினேன். அதன் பெயர் 'ஸ்டேக் தர்தார்'. வந்தது என்ன தெரியுமா? பொடியாக நறுக்கிய பச்சை மாட்டிறைச்சி, அதன்மேல் பச்சை முட்டையின் மஞ்சள் கரு. அடுப்பே பார்க்காத சாப்பாடு! வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு ரொட்டியை மட்டும் சாப்பிட்டு எழுந்து வந்தேன்.

அதோடு போயிருக்கும். ஆனால் 2019 ஜூனில் நம் துறைப் பேராசிரியர் ஒருவர் ஒரு கருத்தரங்குக்காகத் தம் துணைவியாருடன் பாரிஸ் வந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறாவது செமஸ்டரில் எனக்கு மெஸ் பாக்கி. பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. அப்பாவுக்கு அந்த வருஷம் விளைச்சல் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஆபீஸில் போய்க் கேட்டால், பணம் கட்டியாயிற்று என்றார்கள். யார் கட்டியது என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவருக்கு ஒரு நல்ல சாப்பாடு போட வேண்டும். அவர்கள் தங்கியிருந்தது சேன்-ஜெர்மேன் பக்கம். இருவரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மூன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்தேன்.

முதலில் மிஷலின் கைடைப் பார்த்தேன். நம்ம டயர் கம்பெனிதான் சார்! கார்க்காரர்கள் ஊர் ஊராகப் போனால் டயர் தேயும் என்று 1900-ல் போட்ட புத்தகம். 1926-ல் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நட்சத்திர ஓட்டல் ஒன்றில் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். போனால் போகிறது. ஆனால் விலையைப் பார்த்தால் சாருக்கு ரொட்டித்துண்டுகூட உள்ளே இறங்காதே!

பிறகு கதவுகளைப் படிக்கப் பழகினேன். பிரான்சில் எல்லா ஓட்டலும் விலையோடு மெனுவை வெளியிலேயே மாட்ட வேண்டும் என்பது சட்டம். உள்ளே போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 'கார்த்' என்றால் தனித்தனிப் பண்டங்களின் பட்டியல். 'மெனு' என்றால் ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு, நம்ம ஊர் மீல்ஸ் மாதிரி. சர்வீஸ் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி கேட்டால் காசில்லாமல் வரும். ரொட்டிக்கும் காசில்லை. பாத்திரத்துக்குக் கூரை போட்ட மாதிரி ஒரு சின்னம் இருந்தால், அந்தப் பண்டத்தைப் பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைக்கிறார்கள் என்று அர்த்தம். 2014-ல் வந்த விதி. பட்டியல் நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சின்ன அடுப்படியில் அறுபது பண்டத்தை எவனும் புதிதாகச் சமைக்க முடியாது.

சைவம்தான் பெரிய சோதனை. வெங்காய சூப் என்று போட்டிருக்கும், அடியில் மாட்டெலும்புச் சாறு. பச்சைக் கீரைச் சாலட் என்பார்கள், நடுவில் பன்றிக்கறித் துண்டு. பாரம்பரியச் சீஸ் பலவற்றில் பாலை உறையவைப்பதே கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த பொருள்தான். பதினோரு கடையில் கேட்டேன். "சைவமா, மீன் இருக்கிறதே" என்றார் ஒருவர், மிக அன்பாக.

பன்னிரண்டாவது, சந்துக்குள் எட்டு மேஜை போட்ட ஒரு சின்னக் கடை. கரும்பலகையில் ஆறே பண்டம் எழுதியிருந்தது. என் அரைகுறை பிரெஞ்சில் இது கூடாது, அது கூடாது என்று அடுக்கினேன். அடுப்படியிலிருந்து முதலாளியம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அவங்க என்ன சாப்பிடமாட்டாங்கன்னு சொல்லிட்டீங்க. என்ன விரும்பிச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை! அன்றிரவே ஊருக்கு, சாருடைய மகளுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர், அம்மாவுக்குப் பருப்பு இருந்தால் போதும் என்றாள்.

பாலும் கிரீமும் பூண்டும் சேர்த்து அடுப்பில் மெதுவாக வேகவைத்த உருளைக்கிழங்கு, கறி கலக்காத பச்சைப் பயறு, பீன்ஸ், கடைசியில் ஸ்ட்ராபெர்ரிப் பழம். இதுதான் அன்றைய விருந்து. சார் உருளைக்கிழங்கை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து அரைமணி ஆகியும் பில் வரவில்லை. அங்கே நாம் கேட்காமல் பில்லை நீட்டினால் எழுந்து போ என்று சொல்வது போல. அந்த அரைமணியில்தான் தர்தார் கதையைச் சொன்னேன்.

சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வைவாவிலும் நீ இப்படித்தான்டா. தெரியாத கேள்விக்கெல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினே. ஹால் டிக்கெட் விஷயத்தையும் நீ வந்து சொல்லல. உன் ரூம்மேட்தான் சொன்னான். அவன் வாயைத் திறக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

அந்தப் பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். "எனக்கு எதுக்குடா? ஹாஸ்டல்ல எந்த வருஷமும் ஒருத்தன் பாக்கியோட, வாயைத் திறக்காம இருப்பான். அவனைக் கண்டுபிடி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் செட் நண்பர்கள் சிலர் சேர்ந்து வருஷாவருஷம் கண்டுபிடிக்கிறோம். ஆனால் தேடுவது கஷ்டம், தம்பிகளே. கதவில் அட்டை தொங்கினால்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியும்? உங்களுக்குப் பாக்கி இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் உங்கள் ரூம்மேட் சொல்லட்டும். தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டால் என்ன தட்டில் வந்து விழும் என்பதைத்தான் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே!