கடையில திருடினவங்களை ஊர் என்ன செய்யணும்?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நான் பேசப் போறது ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில், ஒரு சத்துமாவு பாக்கெட் பத்தி. ரெண்டும் சேர்த்தா ஐந்நூறு ரூபாய்கூட வராது. ஆனா அதை ஒட்டி நடந்ததை என்னால இன்னும் மறக்க முடியல. அதுல என் பங்கும் இருக்கு, அதனாலதான் இந்த எபிசோடு.

எங்க ஊர் மீஞ்சூர். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் தாண்டி வர்ற ஸ்டேஷன். வண்டலூர்ல ஆரம்பிக்கிற வெளிவட்டச் சாலை இங்கதான் வந்து முடியுது. பக்கத்துலயே அனல் மின் நிலையம், எண்ணூர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சதும் பஜார்ல நின்னு கேட்டா தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதுல விழும். முன்னாடி இங்க எல்லாமே அண்ணாச்சி கடைதான். பொருள் அவர் கைக்குப் பின்னாடி இருக்கும், நாம கேட்டாத்தான் வரும். இப்ப ரேக்ல அடுக்கி வெச்சு, நீங்களே எடுத்துக்குங்கன்னு சொல்ற கடைங்க வந்துடுச்சு.

அப்படி ஒரு கடையில, சாயங்காலக் கூட்டத்துல, ஒரு அம்மா அந்த ரெண்டு பொருளையும் பைக்குள்ள போட்டுக்கிட்டு பில் போடாம வெளியே போயிருக்காங்க. வாசல்ல பிடிச்சுட்டாங்க. பிடிச்சதோட விட்டிருந்தா பரவாயில்லை. உள்ளே குடோன்ல ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சிருக்காங்க. "பத்து மடங்கு கட்டு, இல்லன்னா போலீஸ்"னு சொல்லி, பணத்தைப் புரட்டி வரச் சொல்லி, வாங்கிக்கிட்டு, போகும்போது கையில அந்த எண்ணெய் பாட்டிலைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்திருக்காங்க. போட்டோ எங்க ஏரியா வாட்ஸப் குரூப்புக்கு வந்துச்சு. "இவங்க உங்க கடைக்கு வந்தா உஷார்." நான் பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்கல. இன்னும் ரெண்டு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணேன்.

நாலு நாள் கழிச்சு, தெருவுல டியூஷன் எடுக்கற ஒரு அக்கா சொன்னாங்க: "அந்தம்மா பொண்ணு என்கிட்டதான் பிளஸ் டூ படிக்குது. வர்றதை நிறுத்திடுச்சு. ஸ்கூலுக்கும் போகலையாம்."

அந்தம்மா எடுத்தது உண்மைதான். யாரும் பழி போடல. இங்கதான் எனக்குச் சிக்கல். அவங்க நிரபராதியா இருந்திருந்தா "ஐயோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்"னு முடிச்சுடலாம். உண்மையாவே திருடினவங்களுக்கு ஒரு ஊர் என்ன செய்யலாம், எதுவரைக்கும் செய்யலாம்? அதுதான் கேள்வி.

முதல்ல கடைக்காரர் பக்கம்

"ஐந்நூறு ரூபாய்தானே"ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. கல்லாவுக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு அது ஈஸி இல்லை. ஒரு கணக்கு போடுவோம். நூறு ரூபாய் பொருள்ல கடைக்காரருக்குப் பத்து ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குங்க. அவர் போட்ட முதல் தொண்ணூறு. ஒண்ணு திருடு போனா, அந்தத் தொண்ணூறைத் திரும்ப எடுக்க இன்னும் ஒன்பது பொருள் விக்கணும். அதுவும் லாபமே இல்லாம. சின்னக் கடைக்கு மாசத்துல இப்படிப் பத்து நடந்தா வாடகையில கை வைக்கணும். அவர் கோபம் நியாயமானது.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. ஸ்டாக் எடுக்கும்போது குறையறது எல்லாம் கஸ்டமர் திருடினது இல்லை. சப்ளை வண்டியிலயே பெட்டி குறைஞ்சு வந்திருக்கும். பில்லிங்ல ரெண்டு பொருளுக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணியிருப்பாங்க. எலி கடிச்சது, உடைஞ்சது, எக்ஸ்பைரி ஆனது, உள்ளே வேலை செய்யறவங்களே எடுத்தது, எல்லாம் அந்த ஒரே "ஷார்ட்டேஜ்" கணக்குலதான் வரும். ஒருத்தரைக் கையும் களவுமா பிடிச்சதும், அதுவரைக்கும் காணாம போன மொத்தத்துக்கும் அவங்கதான் காரணம்ங்கற மாதிரி ஒரு கோபம் வந்துடுது. பத்து மடங்கு கேக்கறது அந்தக் கோபத்துலதான்.

இதுல நாம பார்க்காத ஒருத்தர் இருக்காங்க. ரேக் பக்கத்துல நாள் முழுக்க நிக்கற பொண்ணு. பல கடைகள்ல ஷார்ட்டேஜை அவங்க சம்பளத்துல பிடிக்கறாங்க. சட்டம் அப்படிச் சும்மா பிடிக்க விடல. முன்னாடி இருந்த 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் சரி, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, அந்த ஆள் பொறுப்புல நேரடியா ஒப்படைச்ச பொருளா இருக்கணும், அவங்க கவனக்குறைவால போயிருக்கணும், பிடிக்கறதுக்கு முன்னாடி அவங்க விளக்கத்தைக் கேக்கணும்னு சொல்லுது. கூட்ட நேரத்துல யாரோ எடுத்துக்கிட்டுப் போனதுக்கு அந்தப் பொண்ணு சம்பளத்துல கை வைக்கறது இதுல எதுலயும் வராது. தன் சம்பளம் போகும்ங்கற பயம் இருக்கறவங்க, பிடிபட்டவங்ககிட்ட எப்படி இரக்கமா நடந்துக்குவாங்க?

சட்டம் என்ன சொல்லுது?

2024 ஜூலை 1-லேர்ந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கு. அதுல 303-ஆவது பிரிவு திருட்டு. மூணு வருஷம் வரைக்கும் சிறை. ஆனா ஒரு புது வரி சேர்த்திருக்காங்க: பொருளோட மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை குற்றவாளின்னு தீர்ப்பு, பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சுன்னா, தண்டனை சமூக சேவை. ஜெயில் இல்லை. அதாவது நாட்டோட சட்டமே, பொருளைத் திருப்பிக் கொடு, ஊருக்குக் கொஞ்சம் வேலை செய், அப்புறம் உன் வாழ்க்கையைப் பாருன்னு சொல்லுது. எங்க குரூப்போ அந்தம்மாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துடுச்சு.

அதே சட்டத்துல கடுமையான பக்கமும் இருக்கு. கடையும் பொருள் பாதுகாக்கற கட்டடம்தான்னு எடுத்துக்கிட்டு 305-ஆவது பிரிவுல வழக்குப் போட்டா ஏழு வருஷம் வரை போகலாம். அதுல அந்தச் சமூக சேவைச் சலுகை கிடையாது. ஒரே எண்ணெய் பாட்டில்தான். எந்தப் பிரிவுல எழுதறாங்கங்கறதுல ஒருத்தர் தலையெழுத்தே மாறுது. அடுத்து 112-ஆவது பிரிவு. கும்பலா சேர்ந்து பண்ற சிறு குற்றங்களுக்கானது. கடைத்திருட்டுன்னு அதுல பேர் சொல்லியே இருக்கு. தீபாவளி நேரத்துல ஜவுளிக் கடையில நாலு பேர் சேர்ந்து, ஒருத்தர் பேச்சுக் கொடுக்க இன்னொருத்தர் பட்டுப்புடவையைச் சுருட்டறது இதுல வரும். ஒரு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரை. இந்த வித்தியாசம் முக்கியம். தொழிலா பண்ற கும்பலும், மாசக் கடைசியில சத்துமாவு எடுத்த ஒரு அம்மாவும் ஒண்ணு இல்லை.

சரி, கடைக்காரர் பிடிச்சு வைக்கலாமா? ஜாமீன்ல விட முடியாத, வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம் கண் முன்னாடி நடந்தா, பொதுமக்கள்ல யாரும் பிடிக்கலாம். ஆனா தாமதிக்காம, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். ஐயாயிரத்துக்குக் கீழே உள்ள சாதாரணத் திருட்டு அந்த வகையிலேயே வராது. போலீஸுக்குச் சொல்லாம குடோன்ல உட்கார வைக்கறது சட்டவிரோதமா அடைச்சு வைக்கறது. மிரட்டிப் பத்து மடங்கு வாங்கறது மிரட்டிப் பணம் பறிக்கறதுன்னு வழக்கு ஆகலாம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டுல நிக்க வேண்டி வரும்.

பிடிபட்டது பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பையனோ பொண்ணோன்னா இன்னும் கவனமா இருக்கணும். 2015 சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவுப்படி சட்டத்தோட மோதின குழந்தையோட அடையாளத்தை வெளியிட்டாலே ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

2018-ஐ நாம மறந்துட்டோம்

ஒரு போட்டோதானே, இதுக்கு ஏன் இவ்வளவுன்னு கேக்கலாம். 2018 பிப்ரவரியில, நம்ம கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி, கேரளாவோட அட்டப்பாடியில, மதுன்னு ஒரு பழங்குடி இளைஞர். கடையில அரிசி, சாப்பாட்டுப் பொருள் திருடினார்னு சொல்லிக் காட்டுக்குள்ள போய்ப் பிடிச்சு, கையைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து அடிச்சாங்க. கட்டி வெச்சிருந்தவர் பக்கத்துல நின்னு ஒருத்தர் செல்ஃபி எடுத்தார். மது உயிரோட ஆஸ்பத்திரி போய்ச் சேரல. 2023 ஏப்ரல்ல மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளின்னு சொல்லி, அதுல 13 பேருக்கு ஏழு வருஷம் கடுங்காவல் கொடுத்துச்சு.

கேரளாவுலதானேன்னு சொல்லாதீங்க. அதே வருஷம் மே மாசம், எங்க ஊர்லேர்ந்து பொன்னேரி வழியா போனா வர்ற பழவேற்காடுல, குழந்தை கடத்துறவர்னு சந்தேகப்பட்டு ஒருத்தரை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. அவர் எந்தக் குழந்தையையும் கடத்தல. அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா வாட்ஸப்புல "உஷார்"னு வந்துக்கிட்டிருந்த செய்திகள்தான் அந்தக் கும்பலைச் சேர்த்தது. பலர் கைதானாங்க. அந்த "உஷார்" மெசேஜை ஃபார்வர்ட் பண்ணவங்க எல்லாரும் நம்மள மாதிரி ஆளுங்கதான். கொலை பண்ணணும்னு யாரும் அனுப்பல. நல்லது பண்றோம்னு நினைச்சுத்தான் அனுப்பினாங்க.

இன்னொரு விஷயம், நாம யாரைச் சந்தேகப்படறோம்ங்கறது. எங்க பஜார்ல இந்தி பேசற பையன் உள்ளே வந்தா சூப்பர்வைசர் கண்ணு கூடவே போகும். அவன் பில்லைத் தொலைச்சுட்டா விளக்கம் சொல்லவும் பாஷை வராது. ஆனா 2018 ஜூலையில சேத்துப்பட்டுல ஒரு சூப்பர் மார்க்கெட்டுல சாக்லேட் எடுத்து சிசிடிவியில மாட்டினது யார்? ஒரு பெண் காவலர். முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க முடியும்னா, அவங்களை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க.

அப்ப என்னதான் பண்றது?

என் மாமா இருபத்தஞ்சு வருஷம் மளிகைக் கடை வெச்சிருந்தார். அவர்கிட்ட கேட்டேன். "டேய், உள்ளே வர்றவங்களை 'வாங்கம்மா, என்ன வேணும்'னு கேட்டாலே பாதி திருட்டு நடக்காதுடா. நம்மளைப் பார்த்துட்டாங்கன்னு தெரிஞ்சா கை போகாது"ன்னார். சின்னதா, விலை அதிகமா இருக்கறதைக் கல்லா பக்கம் வெக்கறது, பையை வாசல்ல வாங்கி டோக்கன் கொடுக்கறது, ரேக் உயரத்தைக் குறைக்கறது எல்லாம் அப்புறம்தான். "யாராவது எடுத்தா என்ன பண்ணுவ மாமா?"ன்னு கேட்டேன். "பக்கத்துல போய் மெதுவா, 'அம்மா, அதுக்குப் பில் போட மறந்துட்டீங்க'ன்னு சொல்லுவேன். ஒண்ணு காசு கொடுப்பாங்க, இல்ல திருப்பி வெப்பாங்க. அப்புறம் என் கடையில எடுக்கவே மாட்டாங்க."

அவர் சொன்னதையும் சட்டம் சொல்றதையும் சேர்த்து, எங்க ஏரியாவுக்கு நான் கேக்கறது இவ்வளவுதான்:

- முதல் தடவைன்னா பொருளையோ அதோட விலையையோ வாங்கிக்குங்க. பத்து மடங்கு வேண்டாம்.
- போலீஸுக்குப் போகணும்னு தோணினா உடனே போங்க. நடுவுல ஒரு குடோன் விசாரணை வேண்டாம். அடி வேண்டவே வேண்டாம்.
- சிசிடிவி படம் போலீஸுக்கு மட்டும். குரூப்புக்கு இல்லை.
- பிடிபட்டது குழந்தைன்னா வீட்டுல சொல்லுங்க, இல்லன்னா 1098-க்குக் கூப்பிடுங்க.
- கையை அடக்கவே முடியல, தேவையில்லாததைக்கூட எடுக்கறேன்னு ஒருத்தர் சொன்னா, அது நோயாவும் இருக்கலாம். 14416 டெலி மானஸ் நம்பர் கொடுங்க.
- பசின்னு தெரிஞ்சா ரேஷன் பத்திப் பேசுங்க. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல இருக்கு. வெளி மாநிலக் கார்டு வெச்சிருக்கறவங்க இங்கேயே அரிசி வாங்கலாம். எத்தனை பேருக்குத் தெரியும்?

"இப்படியெல்லாம் இருந்தா எல்லாரும் திருட வந்துடுவாங்க"ன்னு நீங்க சொல்லலாம். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துல காந்தி ஜெயந்தி அன்னைக்கு ரோட்டரி சங்கம் ஆளில்லா கடை போடும். பொருள் இருக்கும், விலை எழுதியிருக்கும், காசு போட ஒரு பெட்டி இருக்கும், பார்த்துக்க ஆள் இருக்காது. அங்க பொருள் எடுக்கறவங்க காசைப் பெட்டியில போட்டுட்டுத்தான் போறாங்க. ஒரு நாள் கடையை வெச்சு வருஷம் முழுக்க நடக்கற வியாபாரத்தை அளக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா மனுஷங்களை நம்பறது அவ்வளவு முட்டாள்தனமும் இல்லைன்னு அது காட்டுது.

கடைசியா, நான் என்ன பண்ணேன்னு சொல்லணும். நான் அனுப்பின ரெண்டு குரூப்லயும் "அந்தப் போட்டோவை நான் அனுப்பியிருக்கக் கூடாது, எல்லாரும் அழிச்சுடுங்க"ன்னு போட்டேன். ஒருத்தர் "அப்ப திருடினது சரியா?"ன்னு கேட்டார். "இல்லை அண்ணே, தப்புதான். அவங்க பணத்தைக் கட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு எதுக்குக் கட்டணும்?"னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் அவர் எதுவும் சொல்லல. டியூஷன் அக்கா ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினாங்க. மூணாவது வாரம் அந்தப் பொண்ணு திரும்ப வந்துச்சு. பின் பெஞ்சுல உட்காருதாம், யார்கிட்டயும் பேசறதில்லையாம்.

அடுத்த தடவை உங்க குரூப்புக்கு இப்படி ஒரு போட்டோ வரும். கண்டிப்பா வரும். அது உங்க போன்லயே நிக்கட்டும்.