தலாக்கிற்குப் பின் பள்ளிச் சேர்க்கை: பிள்ளையிடம் கேட்டோமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

வரவு செலவுக் கணக்கும் கட்டடப் பணிகளின் விவரமும் இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. கணக்கேட்டில் பதிய முடியாத ஒரு பணியைப் பற்றியே நாங்கள் இங்கு பேச விழைகிறோம். மணவிலக்குப் பெற்றுப் பிரிந்துவிட்ட தாயும் தந்தையும், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதில் உடன்படாமல் ஜமாஅத் அலுவலகத்தின் படியேறுகிறார்கள். மஹர், சீர்ப்பொருள், இத்தாக் காலச் செலவு ஆகியவற்றைப் பேசி முடிப்பதில் நம் பெரியவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பள்ளிக்கூடப் பிணக்கு அப்படிப்பட்டதன்று. பொருளைப் பங்கிடலாம், பதினைந்து வயதுப் பிள்ளையின் இரண்டு கல்வியாண்டுகளைப் பங்கிட முடியாது.

எங்களிடம் வந்த ஒன்றை, ஊரும் பெயரும் அடையாளமும் தவிர்த்துச் சொல்கிறோம். பிள்ளை, ஆறு முதல் பத்து வரை அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். தந்தை சார்ஜாவில் பணிபுரிகிறார். வெளி மாவட்டத்தில் உள்ள தனியார் விடுதிப் பள்ளியில், நீட் பயிற்சியோடு சேர்க்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். தாய் தம் பிறந்தகத்திற்குத் திரும்பி, அண்ணன் வீட்டில் இருக்கிறார். வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்த்தால் போதும் என்பது அவர் பக்கம். பணம் கட்டுகிறவர் தாம் என்பதால் பள்ளியும் தாம் சொல்வதே என்றார் தந்தை. பத்தாண்டுகளாக வளர்த்தவர் தாம் என்பதால் முடிவும் தம்முடையதே என்றார் தாய். இருவரும் பேசிய நீண்ட நேரத்தில், பிள்ளை என்ன சொல்கிறாள் என்பதை இருவருமே குறிப்பிடவில்லை.

நம் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் அந்தப் பிள்ளையைத் தம் வீட்டிற்கு அழைத்து, தாயும் மாமாவும் அருகில் இல்லாமல், தந்தையின் தொலைபேசியும் ஒலிக்காமல், தனியாகப் பேசினார். அவள் கேட்டது மூன்றாவது ஒன்று. படித்த பள்ளியிலேயே உயிரியல் பிரிவில் தொடர வேண்டும் என்றாள். காரணத்தையும் அவளே சொன்னாள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் 2020ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த வாய்ப்பு போய்விடும். அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போனாலும் போய்விடும். உதவிபெறும் பள்ளிகள் அந்த ஒதுக்கீட்டில் சேரா என்பதை நம்மில் பலர் அறியார். நம் சமுதாயத்தார் நடத்தும் பழைய பள்ளிகளில் பல, உதவிபெறும் பள்ளிகளே என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். 2021இல் இதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலான தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தாயும் தந்தையும் பிள்ளையை மருத்துவராக்கும் வழியைப் பற்றிச் சண்டையிட்டபோது, இருவரும் அவ்வழியின் ஒரு கதவை அடைக்கவிருந்தார்கள். அதை அறிந்திருந்தவள் அவள் ஒருத்தியே.

இன்னொன்றும் சொன்னாள். "அத்தா அம்மாகிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்றாங்க. அம்மா அத்தாகிட்ட கேக்க வேண்டியதை என்னைக் கேக்கச் சொல்றாங்க. எந்த ஸ்கூல்ல வேணும்னாலும் சேருங்க டீச்சர், இது மட்டும் வேண்டாம்" என்றாளாம். அதை எங்களிடம் சொல்லும்போது ஆசிரியையின் குரல் தழுதழுத்தது.

அதன் பின்னர்ப் பெற்றோரைத் தனித்தனியே கேட்டோம். நெடுநேரப் பேச்சுக்குப் பின்பே உள்ளிருந்த அச்சங்கள் வெளிவந்தன. தாய்வீட்டார் பதினெட்டு நிறைந்தவுடன் நிக்காஹ் முடித்துவிடுவார்கள் என்பது தந்தையின் அச்சம். விடுதிக்குப் போனவள் விடுமுறைக்குத் தந்தைவழிப் பாட்டியின் வீட்டிற்குப் போய் அங்கேயே தங்கிவிடுவாள் என்பது தாயின் அச்சம். இரண்டும் நியாயமான அச்சங்களே. ஆயினும் எந்தப் பள்ளியாலும் இவற்றைத் தீர்த்துவைக்க இயலாது. பள்ளியின் பெயரால் அவர்கள் வேறொரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். இத்தகைய பிணக்குகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே என்பது எங்கள் கருத்து.

மார்க்கச் சட்டத்தை இருதரப்பாரும் மேற்கோள் காட்டினார்கள். ஹனஃபி மத்ஹபில் ஆண் குழந்தை ஏழு வயது வரையிலும் பெண் குழந்தை பருவமடையும் வரையிலும் தாயின் பராமரிப்பில் இருக்கும்; ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் அறியும் வயது வந்ததும், தாய் தந்தையரில் யாருடன் இருப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளும். பெருமானார் (ஸல்) அவர்கள், பிரிந்த பெற்றோர் வழக்காடி வந்தபோது சிறுவனிடமே தேர்வை விட்ட செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. யாருடன் வாழ்வது என்ற பெரிய கேள்வியையே சிறுவனிடம் கேட்டிருக்க, எந்த வகுப்பறையில் அமர்வது என்பதைக் கேட்க நாம் தயங்குவதேன்?

நாட்டுச் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையின் நலனை முன்னிறுத்துகிறது; அறிவோடு விருப்பம் சொல்லும் வயதினராயின் அவ்விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. பராமரிப்புச் செலவைப் பொறுத்தவரை ஐயத்திற்கே இடமில்லை. முஸ்லிம் தந்தை, மணவிலக்கிற்குப் பின் தாயிடம் வளரும் பிள்ளைகளுக்கும் செலவு தரக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் தீர்ப்பளித்தது. நான் சொல்லும் பள்ளி என்றால் பணம், இல்லையேல் இல்லை என்று கூற யாருக்கும் உரிமையில்லை. வசதிக்கு மீறிய கட்டணத்தைத் தந்தைமேல் சுமத்துவது வேறு கேள்வி. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஜமாஅத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஃபத்வாக்களும் ஷரீஅத் மன்றங்களின் முடிவுகளும் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. நம் பேச்சுக்கு அதைவிடக் கூடுதல் வலிமை கிடையாது. உடன்படாதவர் குடும்பநல நீதிமன்றத்தை நாடலாம். பெண்களுக்கும் சிறார்க்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்தால் போதும். அப்படிப் போகிறவரை ஜமாஅத்திற்கு எதிரானவராகப் பார்க்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. நம் ஊரில் அது வேண்டாம்.

அந்தப் பிள்ளை தன் பழைய பள்ளியிலேயே சேர்ந்தாள். தாயின் கவலை, சிறப்பு வகுப்பு முடிந்து இரண்டு பேருந்து மாறி இருட்டிய பின் வருவாளே என்பது. மாமா பேருந்து நிலையத்தில் காத்திருந்து அழைத்து வருகிறார். தந்தை மாதந்தோறும் படிப்புச் செலவைத் தாயின் வங்கிக் கணக்கிற்கு அனுப்புகிறார்; மதிப்பெண் அட்டையின் படம் அவருக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. அனுப்புவது தாய், பிள்ளை அல்லள். நீட் பயிற்சிக்கு இது போதாது என்று தந்தை இன்றும் கூறிவருகிறார். அவர் சொல்வதிலும் பொருள் இருக்கக்கூடும். விடுமுறையில் பாட்டி வீட்டிற்குப் போவது பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபின் சேர்க்கைக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சிலவே. மாற்றுச் சான்றிதழ் ஒருவரிடமும் சாதிச் சான்றிதழ் மற்றவரிடமுமாக இருந்து, பிடிவாதத்தில் நாட்கள் கழிந்து, விரும்பிய பிரிவில் இடம் நிரம்பிவிட்ட பிள்ளைகளும் உண்டு. ஆகவே இவ்வாண்டு முதல், தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல், பிரிந்து வாழும் பெற்றோர் முன்கூட்டியே அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். சான்றிதழ்களின் நகல்கள் போதும். அசலை யாரும் எங்களிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு முதலில் ஆசிரியை தனியே பேசுவார். பெற்றோரின் பேச்சு அதன் பிறகே தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.