வேலைக்கு நடந்த நடை

டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்தது மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி. அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் பலருக்குப் பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை. நடந்தே போவார்கள், அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை! 2025 ஜூன் 1-இல் கேம்ப் இடிக்கப்பட்டது. மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு எங்கோ நரேலாவில் வீடு. அங்கிருந்து ஜங்புராவுக்கு யார் நடப்பது?

நாமோ நடைப்பயிற்சிக்கென்று ஜனவரியில் ஷூ வாங்கி, பிப்ரவரியில் பரணில் போடுகிறோம். மன உறுதியை மட்டும் நம்பினால் அப்படித்தான். பழக்கம் இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிக்கொள்வது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. நடுவே ஒருநாள் விட்டாலும் குடி முழுகிவிடவில்லை.

இன்று பால் வாங்க, வண்டிச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போய்வாருங்களேன்.