மண் பொம்மை சொன்னது

(ஏரியூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் தேர்வுக்கும் கடன் வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அதை மாற்றியது ஒரு மண் பொம்மை.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஏரி மண்ணைக் கொடுத்து, "உங்க வீட்டுல இருக்கிற ஒருத்தரைச் செய்யுங்க" என்றேன். ஒரு மாணவன் மீசையும் நீண்ட சடையும் வைத்துச் செய்திருந்தான். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை. அவன் இங்கே பாட்டியோடு இருந்தான். கன்னடம் கலந்த பேச்சுக்கும் மெல்லிய நடைக்கும் வகுப்பு ஏற்கெனவே பட்டப்பெயர் வைத்திருந்தது.

"யாருடா இது?" என்றேன்.

"நான்தான் சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஒழுங்கா வேற செய்" என்றேன். அவன் பொம்மையைக் கையால் அமுக்கினான். அரையாண்டு விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. பெங்களூருக்கே போய்விட்டதாகப் பாட்டி சொன்னார். அந்தச் சிரிப்புதான் காரணம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பின்னாளில் ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன் என்ற சிற்பியின் படைப்புகளைப் படங்களில் பார்த்தேன். 1988இல் கொழும்பில் பிறந்தவர். உள்நாட்டுப் போரினால் குடும்பம் மறு ஆண்டே ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தது.  அவருடைய களிமண் உருவங்களில் ஆணும் பெண்ணும் கலந்திருக்கும். பல தலைகள், துருத்திய பற்கள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். விரல் தடங்கள்கூட அப்படியே தெரியும். 2016இல் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவர் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்தது.

அவற்றைப் பார்த்தபோது எனக்கு அமுக்கப்பட்ட அந்தப் பொம்மைதான் நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்த வீடு, எதிலும் அடங்காத உடல் இரண்டையும் ஒரே மண்ணில் சொல்ல முடியும் என்பதை அந்தச் சிறுவனும் கண்டுபிடித்திருந்தான். நமக்கும் இது புதிதல்ல. திருச்செங்கோடு மலையேறி, பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுகிறோம். அதே உருவம் மாணவன் கையில் வந்தால் சிரிக்கிறோம்.

இப்போது என் வகுப்பில் மூன்று பழக்கங்கள் உண்டு. முதலாவது, படைப்பைப் பார்த்ததும் "இதைப் பற்றிச் சொல்லு" என்பேன்; "ஏன் இப்படி?" என்று கேட்பதில்லை. இரண்டாவது, ஒரு பொம்மையை வைத்து அந்தப் பிள்ளை இன்னார் என்று முடிவு கட்டுவதில்லை. பிள்ளை தன்னைப் பற்றி நம்பிச் சொன்னதை வீட்டிலோ ஆசிரியர் அறையிலோ பேசுவதில்லை. மூன்றாவது, பட்டப்பெயரை முதல் நாளே நிறுத்திவிடுவேன். திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டிருக்கிறது. அச்சொற்களை முதலில் நாம் பழகினால் பிள்ளைகளும் பழகுவார்கள்.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு ஊரையும் வரையட்டும். தங்களையும் தங்களுக்குத் தெரிந்தபடி வரையட்டும். எல்லாரும் சிற்பியாக வேண்டியதில்லை. செய்த பொம்மையைத் தன் கையாலேயே அமுக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.